சீக்கிரமா, தாமதமா: முதிய பூனையை இழந்த ஒருவரின் குற்ற உணர்வு – ஒரு நிகழ்வு ஆய்வு

(சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு எழுதப்பட்டது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வந்த காரணம்

ஆலோசனைக்காக என்னிடம் வந்தவருக்கு வயது 61. கணக்குத் தணிக்கை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குடும்ப மருத்துவர் கொடுத்தனுப்பிய சீட்டில் 'தூக்கமின்மை, பசிக் குறைவு' என்று மட்டும் இருந்தது. முதல் சந்திப்பில் முக்கால்வாசி நேரம் ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றியே பேசினார். எழுந்து கிளம்பும்போதுதான், "வீட்ல ஒரு பூனை இருந்துச்சு. போய் ஏழு வாரம் ஆச்சு. இதுக்கெல்லாம் ஒரு மனுஷன் இப்படி ஆவானான்னு நீங்க நினைக்கலாம்" என்றார்.

வளர்ப்புப் பிராணியை இழந்தவர்களில் பலர் இப்படித்தான் வருகிறார்கள். உண்மையான காரணம் கடைசி ஐந்து நிமிடத்தில், மன்னிப்புக் கேட்கும் குரலில் வெளிவரும். ஊர் உலகம் துக்கமாக ஏற்றுக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இல் விரிவாக எழுதினார். அதற்கு விடுப்பு கிடையாது, விசாரிக்க யாரும் வருவதில்லை, அழுதால் சிரிப்பார்கள். இவருடைய அண்ணன் போனில் சொன்னது: "வயசான பூனைதானேடா, இன்னொண்ணு எடுத்து வளர்த்துக்கோ." அதைக்கூட இவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி ஆறுதலாகச் சொன்ன "நம்மால முடிஞ்சதெல்லாம் செஞ்சோமேங்க" என்ற வார்த்தைதான் இவருக்குப் பொறுக்கவில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாராம். இதை நான் குறித்துவைத்துக்கொண்டேன். ஆறுதல் ஒருவரைக் கோபப்படுத்துகிறது என்றால், ஆறுதல் சொன்னவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள்.

பூனையும் நோயும்

மகள் பள்ளியில் படிக்கும்போது குட்டியாக வந்த பெண் பூனை. 17 வயது வரை இருந்தது. மகள் வேலைக்காக வெளியூர் போன பிறகு, முக்கியமாக இவர் ஓய்வு பெற்ற பிறகு, பகல் முழுவதும் வீட்டில் இவரும் பூனையும்தான்.

கடைசி இரண்டு ஆண்டுகள் அதை வருடாந்தரப் பரிசோதனைக்குக் கொண்டுபோகவில்லை. கூடையில் அடைத்தால் நடுங்கும், வழியெல்லாம் கத்தும். 'இந்த வயதில் எதற்கு அலைக்கழிக்க வேண்டும்' என்று விட்டுவிட்டார். இதற்கிடையே பூனை நிறையத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. நல்லதுதானே என்று பெரிய கிண்ணமாக மாற்றி வைத்தார். அந்தக் கிண்ணத்தைப் பற்றி என்னிடம் சொல்லும்போது கைகளால் அதன் அகலத்தைக் காட்டினார். காட்டிய கைகளை இறக்க நேரம் ஆனது.

தண்ணீர் அதிகம் குடிப்பது முதிய பூனைகளில் நாள்பட்ட சிறுநீரக நோயின் வழக்கமான அறிகுறி. சிறுநீரகத்தால் நீரைத் தேக்க முடியாமல் போகும்போது, இழந்ததை ஈடுகட்டப் பூனை குடித்துக்கொண்டே இருக்கும். இந்த நோயில் இரண்டு சங்கடங்கள். பூனை இயல்பிலேயே நோயை வெளிக்காட்டாத பிராணி. அப்புறம், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறித் தெரியும்போது சிறுநீரகத்தின் வேலைத்திறன் சுமார் முக்கால் பங்கு போயிருக்கும். இந்த நோயுள்ள பூனைகளின் எடையைப் பின்னோக்கிப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், நோய் கண்டறியப்படுவதற்கு ஏறத்தாழ 3 ஆண்டுகளுக்கு முன்பே எடை குறையத் தொடங்கியிருந்தது.

சாப்பாட்டை அடியோடு நிறுத்திய பிறகு எடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 5.4 மி.கி. கால்நடை மருத்துவர்கள் சிறுநீரக நோய்க்குப் பின்பற்றும் ஐரிஸ் (IRIS) வகைப்பாட்டில் 5.0-ஐத் தாண்டினால் 4-ஆம் நிலை, அதாவது கடைசி நிலை. அதன் பிறகு ஐந்து மாதம் பூனை இருந்தது. அந்த நிலைக்கு அது குறைவான காலம் அல்ல. ஒன்றுவிட்டு ஒரு நாள் தோலுக்கடியில் சலைன் ஏற்றினார், மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தார், சிரிஞ்சால் ஊட்டினார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார்: தேதி, எடை, சலைன் எவ்வளவு, வாந்தி எத்தனை முறை, சிறுநீர் போனதா. தணிக்கைக்காரரின் கையெழுத்து, ஒரு திருத்தம் கிடையாது.

கடைசியில் எழுந்து நிற்க முடியாமல் போனபோது, மருத்துவரின் யோசனைப்படி ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்க வைத்தார்கள். வெளியூரிலிருந்த மகள் மறுநாள்தான் வர முடியும் என்றாள். அதுவரை காக்க வைக்க வேண்டாம் என்று இவரே கையெழுத்துப் போட்டார்.

மதிப்பீடு

துக்கம், கோபம், குற்ற உணர்வு மூன்றையும் தனித்தனியாக அளக்க, வளர்ப்புப் பிராணி இழப்புக்கென்றே 16 கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியல் இருக்கிறது. அதை நிரப்பச் சொன்னேன். துக்கம் மிதம், கோபம் குறைவு. குற்ற உணர்வுக் கேள்விகள் அத்தனையிலும் உச்சம். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்டேன். பிராணிதானே போனது என்று இந்தக் கேள்வியைத் தவிர்ப்பது சரியல்ல. "நானும் போயிருந்தா தேவலைன்னு ரெண்டு மூணு தடவை தோணுச்சு. எதுவும் செஞ்சுக்கிற எண்ணமில்லை" என்றார். மனைவிக்கும் அதைத் தெரியப்படுத்த ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றை மிகவும் தயங்கிச் சொன்னார். விடியற்காலை மூன்று மணிவாக்கில் படுக்கையறைக் கதவைப் பூனை பிறாண்டும் சத்தம் கேட்கிறதாம். புத்தி பேதலிக்கிறதோ என்று பயம். வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் மருத்துவர் டெவி ரீஸ் பேசி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்டப் பாதிப்பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல உணர்ந்ததாகவோ பார்த்ததாகவோ கேட்டதாகவோ சொன்னார்கள். பூனையை இழந்தவர்களும் மெத்தையின் ஓரம் அமுங்குவதை, மணிச் சத்தத்தை அடிக்கடி சொல்வதுண்டு. இதைச் சொன்னதும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் ஏன் எப்போதும் அந்தக் கதவு, ஏன் மூன்று மணி என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது.

நோயாக முத்திரை குத்த இதில் எதுவும் இல்லை. நீடித்த துக்கக் கோளாறு என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 குறைந்தது 6 மாதமும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022 வரையறை பெரியவர்களுக்கு 12 மாதமும் கேட்கின்றன. இரண்டுமே மனிதரின் மரணத்தைத்தான் பேசுகின்றன. பெயர் வைக்க முடியாததால் துன்பம் இல்லை என்றாகிவிடாது.

துக்கத்தின் ஐந்து நிலைகளை (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) எங்கோ படித்துவிட்டு, "நான் இப்ப எதுல இருக்கேன்?" என்றும் கேட்டார். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்துத்தான் என்றும், படிப்படியாக ஏறித் தீர வேண்டிய மாடிப்படி அல்ல என்றும் சொன்னேன். எனக்கு அதைவிட உதவுவது துக்க ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபே, ஷுட் இருவரும் 1999-இல் முன்வைத்த பார்வை. மனம் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வரும், அந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம். இவரோ டிவியில் கிரிக்கெட் பார்த்து ஒரு மணி நேரம் பூனையை மறந்ததையே குற்றமாக நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.

குற்றச்சாட்டுகள்

முதல் குற்றச்சாட்டு: நோயைக் கவனிக்கவில்லை. நோட்டை இருவரும் சேர்ந்து பார்த்தோம். எடைப் பக்கத்தைக் காட்டி, "பாருங்க, 4.6, அப்புறம் 3.9, அப்புறம் 3.4. கண்ணிருந்தும் குருடனா இருந்திருக்கேன்" என்றார். இதில் 4.6 இரண்டு ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனையில் எடுத்தது. 3.9 நோய் தெரிந்த அன்று. இடைப்பட்ட காலத்துக்கு எண்ணே இல்லை. ஒரு முடிவு தெரிந்த பிறகு, அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றும். உளவியலாளர் பரூக் ஃபிஷ்காஃப் 1975-இல் சோதனைகள் வழியே காட்டிய மனச்சாய்வு இது. நீளமாக விளக்காமல், ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே, அன்றைக்குத் தெரிந்திருந்தவற்றை மட்டும் எழுதி வரும்படி. பின்னால் தெரிந்த எதையும் முன்தேதியிட்டு எழுதக்கூடாது. முன்தேதியிட்ட பதிவுகளைப் பிடிப்பதுதானே அவர் வாழ்நாள் வேலை! அதைச் செய்து வந்தார். பெரிய கிண்ணம் வைத்த மாதத்துக்கு எதிரே, 'நன்றாகத் தண்ணீர் குடிக்கிறாள். சந்தோஷம்' என்று எழுதியிருந்தார்.

இருந்தாலும் ஒன்றை நான் துடைத்துவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் பரிசோதனைக்குப் போகாதது நிஜம். முன்பே தெரிந்து சிறுநீரக உணவுக்கு மாற்றியிருந்தால் நோயின் வேகம் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. 'உங்கள் தவறு எதுவுமே இல்லை' என்று நான் சொல்லியிருந்தால், இந்த மனிதர் என்னை அத்தோடு நம்பாமல் போயிருப்பார். பூனையின் சாவுக்குக் காரணமான எல்லாவற்றையும் ஒரு வட்டத்துக்குள் பங்கு போடச் சொன்னேன். மற்றவை முதலில், அவர் பங்கு கடைசியில். வயது, நோய், நோயை மறைக்கும் இயல்பு என்று பென்சிலால் பிரித்துக்கொண்டே வந்தவருக்கு, கடைசியில் மிஞ்சியது ஒரு மெல்லிய துண்டு. "இது என்னோடதுதான்" என்றார். நான் மறுக்கவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு: அவசரப்பட்டுக் கொன்றுவிட்டேன். ஊசி போட்ட பிறகு பூனை ஒரு பெரிய மூச்சை இழுத்தது, கண்ணும் மூடவில்லை. உயிருக்குப் போராடியதை நான்தான் தடுத்துவிட்டேன் என்பது அவருடைய நம்பிக்கை. மருத்துவர் ஏதோ விளக்கினாராம், எதுவும் காதில் ஏறவில்லை. கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு அதே மருத்துவரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். போய்வந்தார். பென்டோபார்பிடல் என்ற மயக்க மருந்தின் மிகையளவு அது. சில நொடிகளில் நினைவு போய்விடும், அதன் பிறகுதான் மூச்சும் இதயமும் நிற்கும். கடைசி மூச்சிழுப்பும் தசைத் துடிப்பும் நினைவு போன பின் உடல் தானாகச் செய்பவை. பூனைக்குக் கண் மூடாமல் இருப்பதே வழக்கம். இந்த நான்கு வரிகள் அவர் தோளிலிருந்து நிறைய இறக்கின.

அப்புறம் கடைசி வாரங்களைக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் உருவாக்கிய வாழ்க்கைத்தர அளவுகோலில் வைத்துப் பார்த்தோம். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தாங்கக்கூடிய வாழ்க்கை. நோட்டில் எல்லாம் இருந்ததால் கணக்குப் போடுவது சுலபமாக இருந்தது. ஊசி போடுவதற்கு இரண்டு வாரம் முன்பே மதிப்பெண் 35-க்குக் கீழே போயிருந்தது.

அவசரப்படவில்லை என்பது தெளிவாயிற்று. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. "அப்ப ரெண்டு வாரம் அவளைச் சித்திரவதை பண்ணியிருக்கேன்."

இது நடக்கும் என்று எதிர்பார்த்தே அந்த அளவுகோலை எடுத்தேன். சீக்கிரம் செய்துவிட்டேன் என்பதும் தாமதித்துவிட்டேன் என்பதும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. ஒன்று விழுந்த மாத்திரத்தில் மற்றது எழுந்து நிற்கிறது என்றால், சாட்சியங்களைப் பார்த்துத் தீர்ப்பு எழுதப்படவில்லை. தீர்ப்பு முன்பே எழுதப்பட்டு, அதற்கேற்ற குற்றம் தேடப்படுகிறது. இதை அவரிடம் அப்படியே சொன்னேன். "வேற எதுக்காகவோ உங்களைத் தண்டிச்சுக்கிறீங்க. எதுக்கு?" என்று கேட்டேன்.

அன்று பதில் வரவில்லை. அடுத்த சந்திப்பில் உட்காருவதற்கு முன்பே சொல்லத் தொடங்கினார்.

அந்த இரவு

முதிய பூனைகள் நடு இரவில் வெளிப்படையான காரணமில்லாமல் கத்துவது உண்டு. உயர் ரத்த அழுத்தம், தைராய்டு மிகைச் சுரப்பு, காது மந்தம், மூளையின் முதுமைத் தளர்ச்சி என்று காரணம் பல இருக்கலாம். இந்தப் பூனை கடைசி மாதத்தில் தினமும் மூன்று மணிக்குச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அடித்தொண்டையில் கத்தும். வாரக்கணக்கில் சரியான தூக்கம் இல்லை. ஊசி போடுவதற்கு மூன்று நாள் முன், அப்படிக் கத்தியபோது இவர் எழுந்து போய், "சாகவும் மாட்டேங்கிற, தூங்கவும் விடமாட்டேங்கிற" என்று கத்திவிட்டு, தூக்கிக் கொண்டுபோய்ப் பின்னறையில் போட்டுக் கதவைச் சாத்தினார். அது கொஞ்ச நேரம் கதவைப் பிறாண்டியது. அப்புறம் நிறுத்திவிட்டது.

இன்னும் ஒன்று. ஊசி போட்ட அன்று இரவு அவர் ஒன்பது மணி நேரம் தூங்கினார். மாதக்கணக்கில் இல்லாத தூக்கம். விழித்தபோது முதலில் வந்தது நிம்மதி, அதற்குப் பிறகுதான் நினைவு. "அவ செத்ததுல எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு. நான் என்ன ஜென்மம்?" மறுநாள் இரவிலிருந்து தூக்கம் போனது.

மருத்துவர் சீட்டில் எழுதிய தூக்கமின்மைக்கு இங்கேதான் பொருள் கிடைக்கிறது. தூங்குவதே குற்றத்தின் சாட்சியாகிவிட்டது, விழித்திருப்பது தண்டனை. மனைவி சொன்ன 'முடிஞ்சதெல்லாம் செஞ்சோமே' ஏன் குத்தியது என்பதும் புரிந்தது. அவருக்கு அந்தக் கதவைப் பற்றித் தெரியாது என்று இவர் நினைத்திருந்தார்.

நாள்பட்ட நோயுள்ள பிராணியைப் பராமரிப்பவர்களிடம் மன அழுத்தமும் சோர்வும் பதற்றமும் அதிகம் என்பதை மேரி பெத் ஸ்பிட்ஸ்நேகலும் குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பராமரிப்பு முடிந்ததும் வரும் நிம்மதி, பாரம் இறங்கியதால் வருவது. அந்த உயிர் வேண்டாம் என்று இருந்ததால் வருவதல்ல. இதைச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். ஆனால் கதவு சாத்தியதற்கு ஆய்வு எதையும் சமாதானமாக வைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பூனை அன்று பயந்திருக்கலாம். அதை இல்லை என்று சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. "அந்த ராத்திரி நோட்டுல என்ன எழுதியிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டேன். நோட்டை எடுத்துப் புரட்டினார். அதே தேதியில், அவருடைய கையெழுத்தில்: 'காலை 5.40. சலைன் 100 மி.லி. வாந்தி இல்லை. ஒரு மணி நேரம் மடியில்.'

இதை எழுதியதே அவருக்கு நினைவில்லை. கதவைச் சாத்தியவரும் இரண்டு மூன்று மணி நேரத்தில் கதவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டவரும் ஒரே ஆள். மனம் முதல் பாதியை மட்டும் கோப்பில் வைத்திருந்தது.

பின்னர்

பூனைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். அந்த இரவுக்கு மன்னிப்புக் கேட்டு, காரணங்கள் எதையும் அடுக்காமல். அரைப் பக்கம்தான் எழுதினார். அதை என்னிடம் வாசிப்பதைவிட மனைவியிடம் வாசிப்பது முக்கியம் என்று பட்டதால் அவரையும் ஒரு நாள் வரச் சொன்னோம். கேட்டு முடித்ததும் மனைவி சொன்னார்: "எனக்கும் கேட்டுச்சுங்க அன்னிக்கு. நான் முழிச்சுக்கிட்டுதான் படுத்திருந்தேன். எழுந்து வரலை." இரண்டு பேரும் அதே இரவை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சுமந்திருக்கிறார்கள். நான் அங்கே பேசுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

தூக்கம் அந்தச் சந்திப்புக்குப் பிறகுதான் மெல்லத் திரும்பியது, ஒரே நாளில் அல்ல. பிறாண்டும் சத்தம் அடிக்கடி வருவது நின்றது. எப்போதாவது கேட்டால் பயப்படாமல் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதாகச் சொன்னார். சலைன் மாட்டும் கம்பியை யாருக்காவது பயன்படட்டும் என்று மருத்துவமனைக்கே கொடுத்துவிட்டார். பெரிய கிண்ணத்தை வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளலாமா என்று என்னைக் கேட்டார். இறந்தவரோடு உள்ள உறவை அறுத்தால்தான் துக்கம் ஆறும் என்ற பழைய எண்ணத்தை 1990-களிலேயே ஆய்வாளர்கள் கைவிடத் தொடங்கிவிட்டார்கள். தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

மகள் ஒரு குட்டி கொண்டுவருவதாகச் சொன்னதற்கு இப்போது வேண்டாம் என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. வெறுமையை நிரப்ப வரும் குட்டி, பழைய பூனையோடு ஒப்பிடப்பட்டே வளரும். மகளோடு பேச வேண்டிய வேறொன்றும் இருந்தது. ஒரு நாள் காத்திருந்தால் கடைசியாக ஒரு தடவை பார்த்திருப்பேனே என்ற வருத்தம் அவளுக்கு. போனில் பேசினார்கள். அப்பா சொன்ன காரணத்தை அவள் புரிந்துகொண்டாள், வருத்தம் போகவில்லை. அதைப் போக்கவேண்டும் என்று அவசரப்பட வேண்டாம், அது அவளுடைய துக்கம் என்று சொன்னேன்.

கடைசியாக வினாப்பட்டியலை மீண்டும் நிரப்பினார். குற்ற உணர்வுக் கேள்விகள் நன்றாக இறங்கியிருந்தன. துக்கம் சற்றுக் கூடியிருந்தது. இதுவரை அழ இடம் கிடைக்காதிருந்தவருக்கு அது எதிர்பார்க்கக் கூடியதே. இன்னும் செய்திருக்கலாமோ என்ற பொருள்படும் கேள்வியில் மட்டும் பழைய இடத்திலேயே குறியிட்டிருந்தார். "இது அந்தப் பென்சில் துண்டு" என்றார். தொடர் சந்திப்புகளை நிறுத்திக்கொண்டோம். பூனை இறந்த தேதி வரும் மாதத்தில் ஒருமுறை வந்து பார்ப்பதாக ஏற்பாடு.